ஏழே முக்கால் மணி நேரம்

அந்தச் சலவைக் கம்பெனியில் அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. முதலாளியம்மாவிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் கறார் மேடம்தான். ஆட்களின் வேலை நேரத்தைக் கணக்கெழுதுவது பதினாலு வருஷமாக அவள் வேலை. அஞ்சு நிமிஷம் தாமதமாக வந்தவளுக்கு அஞ்சு நிமிஷம் வெட்டுவாள். அஞ்சு நிமிஷம் கூட நின்றவளுக்கு அஞ்சு நிமிஷம் சேர்ப்பாள். அழுதாலும் குழைந்தாலும் அவளிடம் பருப்பு வேகாது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, மடித்து, திருப்பி அனுப்பும் கம்பெனி அது. லாரியிலிருந்து இறங்கும் அழுக்குத் துணியைப் பிரிப்பது பின்பக்கக் கொட்டகையில். துவைப்பது நடுக் கூடத்தில். அதற்கப்புறம் ரோலர் கூடம்: ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் நீட்டிப் பிடித்து விட்டால், சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் காய்ந்து இஸ்திரியாகி வரும், அங்கே இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். ரோலரில் பத்தொன்பது பெண்கள். காலை ஏழு மணிக்கு நின்றால் மூன்றேகாலுக்குத்தான் இறங்குவார்கள். நடுவில் அரை மணி சாப்பாடு. ஆக மொத்தம் நாளுக்கு ஏழே முக்கால் மணி நேரம்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. வயது முப்பத்திரண்டு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். பாப்பாவின் புருஷன் வெளியூர் வேலைக்குப் போனவன், போனவன்தான். அண்ணன் வீட்டு மாடியறையில் மகளோடு இருந்தாள். வேலை வாங்கிக் கொடுத்தது கறார் மேடம். அன்றைக்கே சொல்லியும் வைத்தாள்: "இங்க நான் உனக்கு அண்ணி இல்ல. புரியுதா?"

ஆறு மாதத்துக்கு முன்னால் பெரிய பேரேடு போனது. வாசலில் கைரேகை மெஷின் வந்தது. வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை விரல் வைத்தால் போதும், சாப்பாட்டு அரை மணியைக் கழித்து, யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்று அதுவே எழுதிக்கொள்ளும். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கணக்கு முழுக்கத் தானாகவே அலுவலகத்தில் இருக்கும் கணக்கு சாஃப்ட்வேருக்குப் போய்விடும். அது சம்பளம் போட்டுவிடும். இவளுக்குத் திரையில் தெரிவது ஆளுக்கு ஒரு வரி, வார மொத்தம் மட்டும். பதினாலு வருஷமாகக் கூட்டிக் கூட்டித் தேய்ந்த விரலுக்கு விடுதலை என்று சந்தோஷப்பட்டாள்.

முதல் மாதமே ரோலர் கூடத்திலிருந்து முணுமுணுப்பு வந்தது. அங்கே மூத்தவள் ஒருத்தி, நீராவி இரைச்சலையும் தாண்டிக் கேட்கும் குரல் என்பதால் அவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர், கூடத்தைப் பார்த்தபடி இருக்கும் அலுவலக ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"மேடம், சம்பளம் குறையுதே. என்னன்னு பாருங்களேன்."

கறார் மேடம் மேனேஜரிடம் கேட்டாள். மேனேஜர் சிரித்தார். "இத்தன நாளா உங்க கண்ணுல மண்ணத் தூவிட்டுக் கண்டபடி வந்து போயிட்டிருந்தாங்க. இப்ப மெஷின் வந்ததும் குட்டு வெளிய வருது. அவ்வளவுதான்."

அதையே அவள் ஜன்னல் வழியாகத் திருப்பிச் சொன்னாள். அதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். "மெஷினுக்கு உங்க மேல என்ன பகை? அது பொய் சொல்லாது."

மூன்று மாதம் முடிந்ததும் மேனேஜர் ஒரு பட்டியலை மேசையில் வைத்தார். வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் நிரந்தர ஆள் கிடையாது, தினக்கூலிப் பட்டியலுக்கு மாற்றலாம் என்று கம்பெனியில் பழைய விதி ஒன்று உண்டு. இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. இப்போது ஐந்து பேர் சிக்கியிருந்தார்கள். ஐந்து பேரும் ரோலர். ஐந்து பேருமே கூடுதல் நேரம் நிற்காதவர்கள். ஒருத்திக்குப் படுத்த படுக்கையாக மாமியார், ஒருத்திக்குக் கைக்குழந்தை, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வாசலில் நிற்கும் மகள். ஐந்து பேருக்கும் வார மொத்தம் நாற்பத்து நாலு புள்ளி ஏழு பூஜ்யம்.

ஐந்து கடிதத்தையும் அவளே அடித்தாள். கையெழுத்தும் அவளே போட்டாள். பாப்பாவின் கடிதத்தை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதற்காகவே அதை முதலில் கொடுத்தாள்.

பாப்பா படித்துவிட்டு அங்கேயே வெடித்தாள். "அண்ணி, ஒரு நாள் ஒரு நிமிஷம்கூட நான் சீக்கிரம் இறங்கினதில்ல. சைரன் ஊதின பிறகுதான் ரோலர விட்டுக் கைய எடுக்கறேன். நீங்களே எத்தனை தடவை ஜன்னல்லேருந்து பாத்திருக்கீங்க!"

"கம்ப்யூட்டர்ல குறையுது. நான் என்ன பண்ண முடியும்?"

"கம்ப்யூட்டர நம்பறீங்க. என்னை நம்ப மாட்டீங்க."

"கூடத்துல குரல உயர்த்தாத. கையெழுத்துப் போடு."

பாப்பா போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் பேச்சு நின்றுபோனது. புருஷன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் பெருமூச்சு விட்டான். "சொந்தத்துலயுமா உன் கறாரு?" என்று ஒரு நாள் கேட்டான். "சொந்தத்துல காட்டலன்னா அதுக்குப் பேரு கறார் இல்ல" என்றாள். சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

தினக்கூலிக்குப் போனவர்களுக்கு ரோலரில் இடமில்லை. பின்பக்கக் கொட்டகைக்கு அனுப்பினார்கள், அழுக்குத் துணி பிரிக்க. ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்தால் ரத்தமும் சீழும் மூத்திரமும். நிரந்தர ஆட்களுக்குத் தடித்த கையுறை. தினக்கூலிக்கு மெல்லிசு உறை, அதுவும் கேட்டால். ஒரு செவ்வாய்க்கிழமை பாப்பா ஒரு போர்வையை உதறியபோது உள்ளே சுருண்டு கிடந்த ஊசி அவள் உள்ளங்கையில் ஏறியது. யாருக்குப் போட்ட ஊசி, அவருக்கு என்ன வியாதி, எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, ஆறு மாதத்தில் ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவரை எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அனுப்பினார்கள். மகளைத் தொடலாமா என்று பாப்பா டாக்டரிடம் கேட்டாள் என்று கூடப் போயிருந்த அண்ணன் வந்து கறார் மேடத்திடம் சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

மறுநாள் விபத்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. விபத்துக்கு முந்தின ஆறு நாளும் காயம்பட்டவர் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று படிவத்தில் ஒரு கேள்வி. வாசல் மெஷினிலிருந்து எடுத்த சீட்டை இணைக்கச் சொல்லியிருந்தது. இத்தனை நாளும் அவள் வாசல் மெஷினைத் திறந்து பார்த்ததே இல்லை. தேவைப்படவில்லை.

சீட்டு வந்தது. ஆறு நாள், ஆறு வரி. ஒவ்வொன்றிலும் 7:45.

கணக்கு சாஃப்ட்வேரில் பாப்பாவின் பெயரைத் தட்டி நாள் வாரியாகத் திறந்தாள். அங்கேயும் ஆறு வரி. 7.45, 7.45, 7.45.

சரியாகத்தானே இருக்கிறது என்று படிவத்தில் எழுதப் போனாள். பழைய பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. ஏழே முக்கால் ஆறு தடவை. நாற்பத்தாறரை. திரையைப் பார்த்தாள். நாற்பத்து நாலு புள்ளி ஏழு. மறுபடி கூட்டினாள். நாற்பத்தாறரை.

பேனாவை வைத்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சீட்டில் ஏழுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே இரண்டு புள்ளி. அது ஏழு மணி நாற்பத்தைந்து நிமிஷம். திரையில் ஒரே ஒரு புள்ளி. மணிக்கு அறுபது நிமிஷம் என்பது அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அது நூறில் நாற்பத்தைந்து பங்கு என்று எடுத்துக்கொண்டது. நூறில் நாற்பத்தைந்து என்றால் அரை மணிகூட இல்லை. இருபத்தேழு நிமிஷம். மீதிப் பதினெட்டு நிமிஷம் வாசலுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது.

நாளுக்குப் பதினெட்டு நிமிஷம். ஆறு மாதமாக. கணக்குப் போட்டால் ஆளுக்கு முழுசாக ஒரு வாரத்து வேலை. அவளுடைய சொந்த வரியையும் திறந்து பார்த்தாள். அலுவலக ஆட்களுக்குச் சரியாக எட்டு மணி நேரம். 8:00 அங்கே, 8.00 இங்கே. ஒரு நிமிஷம் குறையவில்லை.

பாப்பாவுக்கு விதிப்படி ஒன்றரை மணி நேரம் கூடவே இருந்திருக்கிறது. அவள் கொட்டகைக்குப் போயிருக்கவே வேண்டாம்.

மெஷினையும் சாஃப்ட்வேரையும் இணைத்துக் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆமா மேடம், அது தெரிஞ்ச விஷயம்தான். அனுப்பும்போது நிமிஷத்த மாத்தி அனுப்பணும். ஒரு செட்டிங்தான். ரெண்டாவது வாரமே கவனிச்சு உங்க மேனேஜருக்கு மெயில் போட்டோமே."

"அவர் என்ன சொன்னாரு?"

"இருங்க, உங்களுக்கே அனுப்பிடறேன்."

மெயில் வந்தது. எது எப்படிக் குறைகிறது என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கி எழுதியிருந்தார்கள். கீழே மேனேஜரின் பதில் ஒரே வரி: 'இப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டாம்.'

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. மேனேஜர் படித்தார். முகம் மாறவில்லை.

"உக்காருங்க மேடம்."

"நிக்கறேன்."

"சின்ன விஷயம் இது. அடுத்த மாசத்துலேருந்து சரி பண்ணிடலாம். பழச எதுக்குக் கிளறணும்?"

"அஞ்சு பேரத் தூக்கிக் கொட்டகையில போட்டிருக்கோம். ஒருத்தி கையில ஊசி ஏறியிருக்கு."

"அது விபத்து. ரோலர்ல இருந்தா மட்டும் விபத்து வராதா?" கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "பதினெட்டு நிமிஷம் என்ன பெரிய நிமிஷம்? வாயடிச்சே அரை மணி போக்கறாங்க. கழிவுன்னு வச்சுக்குங்க. இந்த வருஷம் ஆள்செலவு குறைஞ்சிருக்குன்னு மேலிடத்துல நல்ல பேரு. உங்களுக்கும் அதுல பங்கு உண்டு."

"அதுல எனக்குப் பங்கு வேண்டாம்."

"வேண்டாம்னா எப்படி? அந்த அஞ்சு லெட்டர்லயும் கையெழுத்து யாரோடது? என்னோடதா?"

இதுவரை அவளுக்கு வந்தது அதிர்ச்சி. இப்போதுதான் கோபம் வந்தது. அவள் கத்துகிறவள் அல்ல.

"பதினாலு வருஷமா அந்தப் பொண்ணுங்ககிட்ட அஞ்சு நிமிஷத்துக்கு மல்லுக்கட்டினவ நான். அவங்க என்னைத் திட்டினாங்க, ஆனா ஒருத்திகூட என் கணக்கு தப்புன்னு சொன்னதில்ல. அத வச்சுத்தான் நீங்க திருடியிருக்கீங்க. என் பேர வச்சு."

"வார்த்தைய அளந்து பேசுங்க."

"நான் அளந்துதான் சார் பேசுவேன். அளக்காம விட்டது நீங்க."

வாசல் மெஷினுக்குப் போய் ஆறு மாதச் சீட்டையும் அடித்து எடுத்தாள். காவலாளி "என்ன மேடம், கத்தை கத்தையா எடுக்கறீங்க?" என்று கேட்கக் கேட்க நடந்தாள். அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்தொன்பது பேருக்கும் தனித்தனியாகக் கூட்டினாள், கையால். உண்மையான நேரம் ஒரு பக்கம், சாஃப்ட்வேர் எடுத்த நேரம் ஒரு பக்கம். மதியம் சாப்பிடவில்லை. மேனேஜர் இரண்டு தடவை கதவைத் தட்டினார். திறக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சைரன் ஊதி ரோலர்கள் சூடேறும்போது, அவள் கூடத்துக்குள் போனாள். பதினாலு வருஷத்தில் அவள் அங்கே நுழைந்தது யாரையாவது பிடிக்க மட்டும்தான். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன மேடம், யார் மாட்டினா?" என்றாள் லவுட்ஸ்பீக்கர்.

"நான்தான் மாட்டினேன்" என்றாள். மெஷின் இரைச்சலில் குரல் எட்டவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். பிறகு நடந்ததை விளக்கினாள். ஏழு மணி நாற்பத்தைந்து நிமிஷம் எப்படி ஏழு புள்ளி நாலு அஞ்சு ஆனது, அதில் எத்தனை நிமிஷம் விழுந்தது, மேனேஜருக்கு எப்போது தெரியும், எல்லாம். சிலருக்குப் புரியவில்லை. லவுட்ஸ்பீக்கருக்குப் பட்டென்று புரிந்தது.

"அப்போ அந்தச் சனியனுக்கு மணிக்கு நூறு நிமிஷமா?"

"ஆமா."

"நாங்க நிக்கறதுக்கு அறுவது, அது எண்றதுக்கு நூறா!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. கைக்குழந்தைக்காரி கொட்டகையில்தான் இருக்கிறாள், படுக்கை மாமியார்க்காரி கொட்டகையில்தான் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒருத்தி கேட்டாள், "பாப்பாவுக்கு இப்ப கை எப்படி இருக்கு மேடம்?"

காகிதங்களை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். லவுட்ஸ்பீக்கர் தன் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, நேரே போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். முதல் ரோலர் நின்றது. மற்ற மூன்றையும் மற்றவர்கள் நிறுத்தினார்கள். கொட்டகையிலிருந்தவர்களும் செய்தி கேட்டு வந்து சேர்ந்தார்கள்.

மேனேஜர் ஓடி வந்து மிரட்டிப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார். ஈரத் துணி தள்ளுவண்டி தள்ளுவண்டியாகக் குவிந்தது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி. ஒரு மணிக்கு முதலாளியம்மாவே காரிலிருந்து இறங்கினார்.

அவர் அதிகம் பேசவில்லை. மெயிலை இரண்டு தடவை படித்தார். "எத்தனை நாள்ல சரி பண்ணலாம்?" என்று கறார் மேடத்திடம் கேட்டார்.

"சரி பண்ணியாச்சும்மா. மெஷின இணைச்சுக் கொடுத்தவங்ககிட்ட சொன்னேன், நேத்து சாயங்காலமே செட்டிங்க மாத்திட்டாங்க. பழசுக்கு என் கணக்கு இருக்கு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"அந்த அஞ்சு பேர்?"

"இன்னிக்கே ரோலருக்குத் திரும்பணும். லெட்டர் வாபஸ். ஊசி குத்தினதுக்கு வைத்தியம் முழுக்கக் கம்பெனி பாக்கணும்."

கையெழுத்து விழுந்தது. ரோலர் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு எல்லோரும் அதை வெற்றி என்றுதான் சொன்னார்கள். ஆனால் மேனேஜரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு கிளைக்கு மாற்றினார்கள், அதே பதவி, அதே சம்பளம். அலுவலகக் காகிதத்தை அனுமதியில்லாமல் வெளியே கொடுத்ததற்காகக் கறார் மேடத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவள் கோப்பில் வைக்கவில்லை. நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

ரோலர் மறுபடி ஓடிய அன்றைக்குச் சாயங்காலமே அவள் மாடிப்படி ஏறினாள். பாப்பா கையில் கட்டோடு உட்கார்ந்து மகளுக்கு எழுத்துப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டும் தம்ளரும் மகளுக்குத் தனி, தனக்குத் தனி என்று அலமாரியில் பிரித்து வைத்திருந்தாள்.

"லெட்டர் வாபஸ் ஆயிடுச்சு பாப்பா. கை ஆறினதும் ரோலருக்கே வந்துடலாம்."

"தெரியும். எல்லாரும் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க." பாப்பா தலையைத் தூக்கவில்லை. "கூடத்துல நின்னு பேசினீங்களாமே. பத்தொன்பது பேருக்கும் பேப்பர் கொடுத்தீங்களாமே."

"ஆமா."

"நேத்தே உங்களுக்குத் தெரியும் இல்ல? ராத்திரி முழுக்க நான் இங்க மேலதான் இருந்தேன். பன்னெண்டு படி. ஏறி வந்து 'நீ சொன்னது நெஜம்'னு ஒரு வார்த்தை சொல்லத் தோணல. ஊருக்குச் சொல்லத் தெரிஞ்சது."

முதலில் நடவடிக்கை, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன் என்று சொல்லப் பார்த்தாள். அது உண்மையில்லை என்று அவளுக்கே தெரிந்தது. உண்மை என்னவென்றால், மேனேஜரிடம் சண்டை போட அவளுக்குப் பயமில்லை. இந்தப் படியேறத்தான் பயம்.

"நீ சொன்னது நெஜம்" என்றாள். "நான் ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சீக்கிரம் இறங்கினதே இல்ல. என் கண்ணுல பட்டத நானே நம்பல."

"இப்ப சொல்லி என்ன பண்றது? இந்த ஊசிய எடுத்துடுவீங்களா?" பாப்பா அழவில்லை, குரல்தான் கிழிந்தது. "ஆறு மாசம் அண்ணி. ஆறு மாசம் இவ தூங்கின பிறகு இவ கன்னத்தத் தொடக்கூட நான் யோசிக்கணும். தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு பயமா இருக்கு. நீங்க கீழ போங்க."

அவள் கீழே போனாள்.

ஆனால் ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் பாப்பா கிளம்பியபோது, அண்ணி அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றாள். "நான் கூப்பிடல" என்றாள் பாப்பா. "தெரியும்" என்று பின்னாலேயே நடந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்றாவது மாதமும் அப்படியே. ஆறாவது மாதம் போனபோது கூட்டம், காலி நாற்காலி ஒன்றுதான் இருந்தது. பாப்பா கொஞ்சம் நகர்ந்து பாதி இடம் விட்டாள். முடிவு நல்லபடியாக வந்தது. எதுவும் தொற்றவில்லை. பாப்பா அந்தக் காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவிலேயே குந்தி அழுதாள். அண்ணி பக்கத்தில் குந்தினாள். முதுகில் கை வைத்தபோது பாப்பா தட்டிவிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

பாப்பா இன்னும் ரோலரில்தான் இருக்கிறாள். சம்பள நாளில் ஜன்னலுக்கு வந்து வாசல் சீட்டையும் சம்பளச் சீட்டையும் இரண்டையும் கேட்பாள். அங்கேயே நின்று ஒவ்வொரு வரியையும் விரல் விட்டுக் கூட்டுவாள். பின்னால் வரிசை நீளும். "சரியா இருக்கா?" என்று அண்ணி ஒரு தடவைகூட அவசரப்படுத்துவதில்லை. கூட்டி முடித்ததும் பாப்பா தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவாள். அடுத்து நிற்கிறவளும் இப்போது இரண்டு சீட்டையும் கேட்கத் தொடங்கியிருக்கிறாள்.